விட்டுவிட்டு வந்தவர்கள்

ஜூன் மாதம் பள்ளி திறக்கிற வாரத்தில் திருச்செங்கோடு, ராசிபுரம், நாமக்கல் சாலைகளில் போகிற கார்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மேலே பாயும் பெட்டியும் கட்டியிருக்கும். பின்சீட்டில் புது பக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். தஞ்சாவூர் வண்டி, ராமநாதபுரம் வண்டி, விழுப்புரம் வண்டி. இருட்டோடு கிளம்பி வந்திருப்பார்கள். வழியில் டீக்கடையில் நிறுத்தினால் அப்பா மட்டும் இறங்குவார். அம்மா பிள்ளையிடம் பிஸ்கட்டை நீட்டிக்கொண்டே இருப்பாள். பிள்ளை வேண்டாம் என்று தலையாட்டும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது வருஷா வருஷம் பார்த்துப் பழகிய காட்சி. எனக்கும் அப்படித்தான் இருந்தது, என் தங்கை மகன் இங்கே விடுதியில் சேரும்வரை. தங்கையும் மாப்பிள்ளையும் ராய்ப்பூரில் இருக்கிறார்கள். போர்வெல் வண்டித் தொழில். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வடக்கே எங்கெங்கோ ஓடுகின்றன. வண்டி ஓடுகிற இடத்துக்குக் குடும்பமும் போகிறது. பையனுக்கு அங்கத்திய பள்ளி ஒத்துவரவில்லை. ஆறாம் வகுப்புக்கு இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று நான் சொன்னேன். மாப்பிள்ளைக்கு மனசில்லை. "ஒறவுக்காரங்க வீட்ல விட்டா ஒண்ணும் கேக்க முடியாது மச்சான். பணங் கட்டுன எடத்துல கேக்கலாம்" என்றார். அதில் ஞாயம் இருந்தது. படிவத்தில் 'லோக்கல் கார்டியன்' என்ற இடத்தில் என் பெயரை எழுதினார்கள்.

அந்த விடுதி கேட்டுக்கு முன்னால் நின்ற நேரங்களில் மனசில் பட்டதை அவ்வப்போது நோட்டில் எழுதி வைத்தேன். சிலவற்றை இங்கே தருகிறேன்.

*

பள்ளியில் ஒரு பட்டியல் கொடுப்பார்கள். பாய், தலையணை, போர்வை, பக்கெட், மக், தட்டு, டம்ளர், சோப்பு டப்பா, நகவெட்டி, தேங்காய் எண்ணெய், டிரங்குப் பெட்டி, பூட்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குகிற நாள் பெற்றோருக்கு நல்ல நாள். கைக்கு வேலை இருக்கிறது. எல்லாவற்றையும் குறைவில்லாமல் வாங்கிவிட்டால் பிள்ளைக்கும் ஒரு குறை வராது என்று மனசு நம்பிக்கொள்கிறது.

பாத்திரக்கடையில் தட்டுக்கு அடியில் இனிஷியலோடு பெயர் வெட்டித் தந்தார்கள். தங்கை, "டம்ளர்லயும் வெட்டிருங்க" என்றாள். பிறகு சோப்பு டப்பாவை எடுத்து, இதில் வெட்ட முடியாதா என்று கேட்டாள். "பிளாஸ்டிக்ல நிக்காதுங்கக்கா" என்றான் கடைப்பையன்.

துணிகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். சலவையில் கலந்துவிடக் கூடாது என்று ஆளுக்கொரு எண் கொடுத்துவிடுவார்கள். மார்க்கரில் எழுதினால் நாலு சலவையில் மங்கிப்போகும். அன்று ராத்திரி அவள் உட்கார்ந்து சிவப்பு நூலில் தைத்தாள். சட்டைக் காலரின் உள்பக்கம், டவுசர் பட்டியின் உள்பக்கம், துண்டின் ஓரம். கடைசியில் கைக்குட்டைகளை எடுத்தாள். கைக்குட்டைக்கெல்லாம் எதுக்கு என்றார் மாப்பிள்ளை. அவள் நிமிரவில்லை.

பெட்டிப் பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்றைப் பையனின் அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டினாள். மற்றதை யாரிடம் கொடுப்பது என்று பேச்சு வந்தது. அவன் தொலைத்துவிட்டால் உள்ளூரில் இருக்கிற என்னிடம் ஒன்று இருப்பதுதான் புத்தி. அவள் அதைத் தன் தாலிக்கொடி ஊக்கில் மாட்டிக்கொண்டாள். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் போய்விடுகிற சாவியால் இங்கே எந்தப் பெட்டியையும் திறக்க முடியாது. எங்களில் யாரும் அதை அவளிடம் சொல்லவில்லை.

*

வார்டன் அறைக்கு வெளியே காத்திருந்தபோது காதில் விழுந்தவை. பால்ல ஆடை இருந்தாக் குடிக்க மாட்டானுங்க. தூக்கத்துல உருளுவானுங்க, செவுத்தோரமாக் கட்டில் குடுங்க. இருட்டுன்னா கொஞ்சம் பயமுங்க. அவளுக்குக் காது வலி வருமுங்க, சொல்ல மாட்டா, நீங்களாக் கேக்கோணும். ஒவ்வொருவருக்கும் அவர், "நாங்க பாத்துக்கறமுங்க" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நல்ல மனுஷர். ஆனால் ஒரு மாடி முழுக்க இருக்கிற பிள்ளைகளில் யாருக்குப் பால் ஆடை பிடிக்காது என்பதை ஒரு மனிதர் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. சொல்கிற தாய்க்கும் அது தெரியும். தெரிந்தும் சொல்கிறாள். இத்தனை வருஷம் அவள் ஒருத்தி மட்டும் அறிந்து வைத்திருந்ததை யாரிடமாவது ஒப்படைக்காமல் எப்படிக் கிளம்புவாள்?

*

அந்த முதல் வருஷம் பார்த்த ஒன்றை எழுதியாக வேண்டும்.

எங்களுக்குப் பக்கத்துக் கட்டில் பையன். அவனும் ஆறாம் வகுப்புதான், ஆனால் ஆள் சின்னவன். அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடியே இருந்தான். சாப்பாடு முடிந்தது, பெட்டியை அடுக்கியாயிற்று. அப்பா, "வண்டி வெயில்ல நிக்குது கண்ணு, நெழல்ல நிறுத்திட்டு வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் அம்மா, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போனாள். இரண்டு பேரும் வரவில்லை.

பையன் கீழே வந்து கேட்டுக்கு உள்ளே வேப்பமரத்தடியில் நின்றான். வெளியே சாலையோரம் நிழலில் நின்ற கார்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். வெயில் நகர நகர அவனும் நிழலோடு நகர்ந்து நின்றான். அழவில்லை. அழுவதற்கான காரணம் அவனுக்கு இன்னும் தெரியாது. சாயங்கால மணி அடித்தபோது வார்டன் வந்து தோளைத் தொட்டார். "அப்பா வண்டிய நெழல்ல நிறுத்தப் போயிருக்காருங்க சார்" என்றான்.

யாரோ அவர்களுக்கு யோசனை சொல்லியிருப்பார்கள். அழ அழ விட்டுவிட்டு வருவதைவிடத் தெரியாமல் வந்துவிடுவது மேல் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள், சில இடங்களில் விடுதி ஊழியர்களே சொல்கிறார்கள். அந்தப் பெற்றோரைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஊர் போய்ச் சேரும்வரை அந்த அம்மா காரில் எப்படி உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். பிள்ளை அழுவதைத் தவிர்க்க நினைத்தார்கள். பிள்ளை ராத்திரி அழுதான். அவர்கள் அதைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

என் தங்கை கட்டிலில் பையனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னாள்: "சாமி, அம்மா இப்பக் கெளம்பறேன். நாளைக்கு ரயிலு. ஆயுத பூசைக்கு முந்தின நாள் வருவேன். நடுவுல விசிட்டிங் நாளைக்கெல்லாம் மாமா வருவாரு." அவன் கத்தினான். கேட்வரை பின்னால் ஓடி வந்தான். வாட்ச்மேன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பார்க்கச் சகிக்கவில்லை. காரில் மாப்பிள்ளை, "மொகத்துக்கு நேராச் சொல்லித்தான் ஆகோணுமா?" என்று கோபித்துக்கொண்டார். அவள் பதில் சொல்லவில்லை.

முதல் விசிட்டிங்கில் நான் போய் நின்றதும் பையன் கேட்டது: "மாமா, ஆயுத பூசைக்கு இன்னும் எத்தன நாளு?"

அவனிடம் எண்ணுவதற்கு ஒரு தேதி இருந்தது. பக்கத்துக் கட்டில் பையனிடம் எதுவும் இல்லை.

*

1871. அந்த ஒரே ஆண்டில் இரண்டு பிள்ளைகள் பிறர் கையில் விடப்பட்டார்கள். ஒருவர் பம்பாயில் பிறந்த ஆங்கில எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங். இந்தியாவில் வேலை பார்த்த ஆங்கிலேயர்கள் பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவது அந்தக் காலத்து வழக்கம். இந்த ஊர் வெயிலும் காய்ச்சலும் ஒரு பயம். இந்த ஊர்ப் பேச்சும் பழக்கமும் ஒட்டிக்கொள்ளுமே என்பது இன்னொரு பயம். ஆறு வயது நிறையாத கிப்ளிங்கையும் மூன்று வயதுத் தங்கையையும் சவுத்சீ என்ற கடலோர ஊரில், காசுக்குப் பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிற ஒரு வீட்டில் விட்டார்கள். விட்டுவிட்டுப் போகப்போகிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லவில்லை. ஐந்து ஆண்டுக்கு மேல் கிப்ளிங் அந்த வீட்டில் அடியும் வசவும் பட்டார். 1877இல் தாய் திரும்பி வந்தார். இரவு முத்தமிடப் படுக்கைக்கு மேல் குனிந்தபோது, அடிதான் விழப்போகிறது என்று பிள்ளை கையைத் தூக்கி மறைத்துக்கொண்டது. கடைசிக் காலத்தில் எழுதிய சுயசரிதையில் கிப்ளிங்கே இதைச் சொல்லியிருக்கிறார்.

மற்றவர் உ.வே. சாமிநாதையர். அதே 1871இல் தந்தை வேங்கடசுப்பையர் அவரை மாயூரத்துக்கு அழைத்துப்போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்த்தார். சாமிநாதையருக்கு அப்போது வயது பதினாறு. வசதியில்லாத குடும்பம். ஆனால் அவரே ஏங்கிக் காத்திருந்த ஆசிரியர் அவர். யாரிடம், எதற்காக விடப்படுகிறோம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும்.

வயது வித்தியாசம் பெரிது, ஒப்பிடுவது முழுக்கச் சரியில்லை. இருந்தும் இரண்டு வாசல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறபோது எனக்கு அந்த வேப்பமரம்தான் ஞாபகம் வருகிறது.

*

இந்த வட்டாரத்தில் விடுதிகள் பெருகியது மார்க்குக்காக. பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றே மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் வாசலாக இருந்த வருஷங்களில் ரேங்க் வாங்கிய பிள்ளைகளின் முகங்கள் பேருந்து நிலையத்துப் பேனர்களில் இருக்கும். பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஆரம்பித்துவிடுகிற பள்ளிகள் இருந்தன. விடிவதற்கு முன் ஒரு ஸ்டடி, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு ஸ்டடி. 2017இல் ரேங்க் பட்டியல் வெளியிடுவதை அரசு நிறுத்தியது. 2017-18 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. மருத்துவத்துக்கு நீட் வந்துவிட்டது. பேனர்களில் ரேங்குக்குப் பதில் நீட் மார்க் ஏறியது. கார்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

ஒரு தஞ்சாவூர்க்காரரோடு கேட்டுக்கு எதிரே டீ குடித்தேன். மகளை பிளஸ் ஒன் சேர்க்க வந்திருந்தார். "ரெண்டு மா நிலத்த ஒத்திக்கு வச்சிருக்கேன் சார். பொண்ணுக்குத் தெரியும். சொல்லித்தான் கூட்டியாந்தேன். தெரிஞ்சா நல்லாப் படிக்கும்ல" என்றார். நல்ல மனுஷர். டீக்கும் அவரே காசு கொடுத்தார்.

அந்தப் பெண் நன்றாகப் படிப்பாள். ஆனால் இங்கே ஏதாவது சரியில்லை என்றால் அதை மட்டும் வீட்டில் சொல்ல மாட்டாள். தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், கூட இருக்கிற பிள்ளைகள் படுத்தலாம், அதைவிடப் பெரிதாகவும் ஏதாவது நடக்கலாம். 'எனக்கு இங்க வேண்டாம்ப்பா' என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அந்த இரண்டு மா நிலம் குறுக்கே வந்து நிற்கும். விடுதிப் பிள்ளைகள் வாய் திறக்காததற்கு வார்டன் பயம் ஒரு காரணம் என்றால், அப்பா அம்மா மீதுள்ள பாசம் அதைவிடப் பெரிய காரணம். இதைப் பெற்றோர் யோசித்துப் பார்க்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம்.

*

"பையன் செட் ஆயிட்டான்."

எல்லா விடுதிகளிலும் சொல்கிற வார்த்தை. முதல் வாரம் அழுதான், ரெண்டாவது வாரம் ஒழுங்காச் சாப்பிடல, இப்ப செட் ஆயிட்டான்.

ஜேம்ஸ் ராபர்ட்சன் என்று ஒருவர் லண்டனில் ஆஸ்பத்திரியில் விடப்பட்ட சின்னக் குழந்தைகளைக் கவனித்து வந்தார். அந்தக் காலத்தில் குழந்தையைச் சேர்த்துவிட்டுப் பெற்றோர் போய்விட வேண்டும். பார்க்க விடுவதே அபூர்வம். முதலில் குழந்தை கத்தி அழுகிறது. அடுத்து ஓய்ந்து சுருண்டு கிடக்கிறது. மூன்றாவதாக ஒரு கட்டம் வருகிறது: அழுகை இல்லை, சாப்பிடுகிறது, நர்சுகளைப் பார்த்துச் சிரிக்கிறது. செட் ஆகிவிட்டது என்று எல்லாரும் நிம்மதியடைகிறார்கள். தாய் வந்தால் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. ஒட்டுதல் அறுந்துவிட்டது. இரண்டு வயதுக் குழந்தை ஒன்றின் ஆஸ்பத்திரி நாட்களை அவர் படமாகவே எடுத்து 1952இல் திரையிட்டுக் காட்டினார். மருத்துவர்கள் பலருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் 1959இல் வந்த அரசு அறிக்கை, பெற்றோரைத் தாராளமாக வந்து பார்க்க விடவேண்டும் என்று சொல்லியது.

பதினொரு வயதுப் பையன் இரண்டு வயதுக் குழந்தை இல்லை. அவனுக்குத் தேதி புரியும், கூட்டாளிகள் கிடைப்பார்கள், கபடி இருக்கிறது. விடுதி நிஜமாகவே பிடித்துப்போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். என் மருமகனுக்கே இரண்டாம் வருஷத்தில் பிடித்துவிட்டது. அவனைப் பார்த்துத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. பழகிவிட்ட பிள்ளை குறை சொல்லும். சாம்பார்ல பருப்பே இல்ல மாமா என்று சொல்லும். வார்டனுக்குப் பட்டப்பெயர் வைத்திருக்கும். யாரோடோ சண்டை, அவனோடு ரெண்டு நாளாகப் பேச்சில்லை என்று ஒரு பெரிய கதை இருக்கும். எதைக் கேட்டாலும் 'ம்' என்கிற பிள்ளை, எல்லாம் 'பரவால்ல' என்கிற பிள்ளை, கிளம்பும்போது திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விடுகிற பிள்ளை இருக்கிறதே, அதைத்தான் நின்று கவனிக்க வேண்டும். பொறுப்பு வந்துவிட்டது என்று அப்பாக்கள் சந்தோஷப்படுவது பெரும்பாலும் அந்தப் பிள்ளையைப் பார்த்துத்தான்.

*

விசிட்டிங் ஞாயிறு. மரத்தடிகளில் ஜமுக்காளம் விரித்திருக்கும். தூக்குப் போசியில் கோழிக்குழம்பு, பிரியாணிப் பொட்டலம், தயிர்சாதம். பிள்ளைகள் வேகமாகச் சாப்பிடுகிறார்கள். மெஸ்ஸில் அடுத்த பந்திக்கு இடம் விட்டுப் பழகிய வேகம். மெதுவாச் சாப்புடு கண்ணு என்று எல்லா ஜமுக்காளத்திலும் ஒரு குரல் கேட்கும். யாரும் வராத பிள்ளைகள் வராந்தாத் தூணில் சாய்ந்துகொண்டு பார்க்காத மாதிரி பார்ப்பார்கள். யாராவது ஒரு அம்மா கூப்பிட்டுத் தட்டு போடுவாள். சில பிள்ளைகள் வரும். சில, பசிக்கல ஆன்ட்டி என்று உள்ளே போய்விடும்.

வேப்பமரத்துப் பையனின் பெற்றோரும் வந்தார்கள். அம்மா அவன் கன்னத்தை வழித்து வழித்து முத்தம் கொடுத்தாள். அவன் அப்பாவின் கையிலிருந்த கார் சாவியை வாங்கித் தன் டவுசர் பையில் போட்டுக்கொண்டான். சாப்பிட்டு முடிக்கும்வரை இடது கை அந்தப் பையைவிட்டு வெளியே வரவில்லை. அப்பா சிரித்தார். என்ன என்று அவருக்குப் புரிந்தது சற்று நேரம் கழித்துத்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

அன்றைக்கு அவர் சொல்லிக்கொண்டுதான் கிளம்பினார். மகனைக் கூட்டிக்கொண்டு கார்வரை நடந்து போய், அவன் கையிலிருந்தே சாவியை வாங்கிக்கொண்டார்.

*

போன் பேசுவது வார்டன் மேஜையில். ஆளுக்கு ஐந்து நிமிஷம், பின்னால் வரிசை. 'நல்லா இருக்கேன். சாப்ட்டேன். படிக்கறேன். வெச்சர்றேன்.' அதற்கு மேல் அங்கே நின்றுகொண்டு எந்தப் பிள்ளை என்ன சொல்லும்?

எழுத்தாளர் ரோல் தால் ஒன்பது வயதில், 1925இல், இங்கிலாந்தில் ஒரு விடுதிப் பள்ளியில் விடப்பட்டார். ஞாயிறுதோறும் எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டும். தலைமையாசிரியர் ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் வந்து நின்று எட்டிப் படித்துப் பிழை திருத்துவார். அதனால் பிரம்படியைப் பற்றியோ, சாப்பாட்டைப் பற்றியோ ஒரு வரி எழுத முடியாது. படுக்கையில் மட்டும் கடலுக்கு அந்தப் பக்கம் வீடு இருக்கிற திசையைப் பார்த்துப் படுத்துக்கொள்வாராம். தாய் அந்தக் கடிதங்களை ஒன்றுவிடாமல் கட்டிக் கட்டி வைத்திருந்தார். பள்ளிக்காலத்தில் தொடங்கிப் பெரியவரான பின்பும் எழுதியவை, அறுநூறுக்கு மேல். அத்தனை அன்போடு பத்திரப்படுத்திய தாய்க்கும் அந்தச் சின்ன வயதுக் கடிதங்களில் பிள்ளையின் கஷ்டம் கிடைத்திருக்காது.

இப்போது வாட்ஸ்அப் குழுவில் ஃபோட்டோ போடுகிறார்கள். யோகா வகுப்பு, பொங்கல் விழா, வரிசையாகச் சிரிக்கிற முகங்கள். தங்கை அவற்றைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு எனக்கு போன் செய்வாள். "அண்ணா, அவன் மொழங்கையில ஏதோ காயமாட்டத் தெரியுது, நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துரு." போய்ப் பார்ப்பேன். கொசுக்கடியைச் சொறிந்ததாக இருக்கும். ஒருமுறை நிஜமாகவே காயம்.

*

இதே நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் கொல்லிமலை. மேலே அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. ஜவ்வாதுமலை, கல்வராயன் மலை, ஏற்காடு, பச்சைமலை என்று தமிழ்நாட்டு மலைகளில் எல்லாம் இருக்கின்றன. அங்கே ஒன்றாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள். நண்பர் ஒருவர் ஆசிரியராக இருந்த பள்ளிக்குப் போயிருந்தேன்.

அங்கே யாரும் பட்டியல் கொடுப்பதில்லை. நீட்டினாலும் வாங்க முடியாது. தாயும் தகப்பனும் கூலி வேலைக்கு மலை இறங்கிக் கேரளத்துக்கோ திருப்பூருக்கோ போக வேண்டும். பிள்ளைக்கு வேளாவேளைக்குச் சோறு கிடைத்தால் போதும் என்று விடுகிறார்கள். விசிட்டிங் நாள் என்று ஒன்று கிடையாது. வேலை கிடைக்கிற ஊரிலிருந்து எப்போது திரும்ப முடிகிறதோ அப்போது வருவார்கள். பொங்கலுக்கு வீட்டுக்குப் போன பிள்ளை சில சமயம் திரும்பி வராது. ஆசிரியர் ஊர் ஊராக நடந்து போய்க் கூப்பிட வேண்டும்.

வராந்தாவில் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒன்றாம் வகுப்புச் சின்னதைக் காலிடுக்கில் உட்காரவைத்துத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். தங்கச்சியா என்று கேட்டேன். இல்லீங்க, எங்க ஊரு என்றாள். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு தகப்பன் பலாப்பழத்தைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார். ஊருக்குத் திரும்பியதும் நேரே இங்கே வந்திருக்கிறார். மகனுக்கு என்று கொண்டுவந்ததை முற்றத்தில் வைத்து அரிவாளால் பிளந்தார். மொத்தப் பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். மகன் அவர் முதுகில் சாய்ந்து நின்றுகொண்டு, யாருக்குச் சுளை வரவில்லை என்று பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

போகும்போது அவர் சொன்னதும் கேட்டது. "நெல்லு அறுப்புக்கு வருவேன். இருந்துக்க." அவ்வளவுதான். பையன் தலையாட்டினான்.

*

தங்கை சொன்னபடி ஆயுத பூசைக்கு முந்தின நாள் வந்தாள். ரயிலில் இடம் கிடைக்காமல், கிடைத்த பெட்டியில் ஏறி, உட்கார இடமில்லாமல் வந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. நாளைக்குக் காலையில் போய்க்கொள்ளலாம், இப்போது படு என்றேன். "இன்னைக்குன்னு சொல்லியிருக்கேன்" என்றாள்.

*

பிள்ளையை விடுதியில் விடுவது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ரிக் வண்டிக்காரருக்கும் மலைக்கூலிக்கும் அது வாழ்க்கை விட்ட வழி. முடிந்தால் பத்து வயதுக்குள் வேண்டாம் என்பேன். அதற்கு மேல் அவரவர் நிலைமை.

விடப்போகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது சில உண்டு. விடுதிக்கு உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் பிள்ளைகள் தங்கும் விடுதிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவும் உரிமமும் வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். அடிப்பதைச் சட்டம் தடை செய்திருக்கிறது என்பதை வார்டனுக்கு முன்னால் பிள்ளையிடம் சொல்லுங்கள். 1098 என்ற எண்ணை மனப்பாடம் செய்ய வையுங்கள். காசில்லாமல் எந்த நேரமும் கூப்பிடலாம். கட்டிய பணத்தைப் பற்றிப் பிள்ளையிடம் பேசாதீர்கள். பேசிவிட்டிருந்தால், பிடிக்கவில்லை என்றால் பணம் போனாலும் பரவாயில்லை, கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பார்க்க வருகிற நாளில் கேட்டுக்கு வெளியே கூட்டிப்போய்க் கொஞ்சநேரம் தனியாகப் பேசவிடுங்கள். பேசாவிட்டாலும் உட்கார்ந்திருங்கள்.

கிளம்பும்போது பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அழட்டும். திரும்பி வருகிற தேதியைச் சொல்லுங்கள். அந்தத் தேதியில் வந்துவிடுங்கள்.